கெடும்போது வாய்திறக்கும் வாயர்

சனிக்கிழமை காலை ஏழரை மணி. கடையை இன்னும் திறக்கவில்லை. தட்டில் இருந்த ரொட்டி சானாயில் பாதி அப்படியே கிடக்க, டீச்சர் போன் செய்தார்.

"அண்ணே, ப்ரொஜெக்டர்ல படமெல்லாம் மஞ்சளா தெரியுது. மஞ்சக்காமாலை வந்த மாதிரி. ஒம்பது மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம். பல்பு போச்சா?"

"மொத்தமும் மங்கலா இருக்கா, இல்ல வெள்ளை மட்டும் மஞ்சளாயிருச்சா?"

"வெள்ளைதான் மஞ்சளாயிருச்சு. நீல எழுத்தெல்லாம் கறுப்பா இருக்கு."

"அப்ப பல்பு இல்ல டீச்சர். நீலம் வரல. வாயர்ல மூணாவது பின் வளைஞ்சிருக்கும். யாரும் தொடாம பாத்துக்குங்க, வரேன்."

போய்ப் பார்த்தால் அதேதான். யாரோ பிளக்கைத் தலைகீழாக வைத்து அழுத்தியிருக்கிறார்கள். மேல்வரிசையில் மூன்றாவது பின் சீப்புப் பல்போலச் சாய்ந்து கிடந்தது. இதற்கென்றே என் சட்டைப்பையில் அமுக்கினால் ஈயம் வரும் பென்சில் ஒன்று இருக்கும், ஈயம் இல்லாமல். அதன் உலோக மூக்கை வளைந்த பின்மேல் தொப்பிபோல மாட்டி, மெதுவாக நிமிர்த்த வேண்டும். அவசரப்பட்டால் ஒடிந்துவிடும். நிமிர்த்தி மாட்டியதும் திரையில் வெள்ளை வெள்ளையானது. கூலி வாங்கவில்லை, கோப்பி கொடுத்தார்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணினி பழுதுபார்க்கிறேன். தமிழ்நாட்டு நண்பர்கள் கேபிள் என்பதை எங்கள் ஊரில் வாயர் என்போம். கயிறு இல்லாத எல்லாமே எங்களுக்கு வாயர்தான். கடைக்கு வருபவர்கள் "மானிட்டர் வாயர் ஒண்ணு குடுங்கண்ணே" என்பார்கள். மானிட்டர் வாயர் என்று தனியாக ஒன்று இல்லை என்பதை விளக்குவதிலேயே என் பாதி ஆயுள் போய்விட்டது. எது உசத்தி, எது மட்டம் என்றும் கேட்பார்கள். வேகத்தையும் வெர்ஷனையும் வைத்து வரிசைப்படுத்தினால் ஒரு பதில் வரும். பழுதுபார்ப்பவனாக நான் வேறு விதமாக வரிசைப்படுத்துவேன்: கெட்டுப்போனால் எந்த வாயர் தன் நோயைச் சொல்கிறது, எது ஊமையாகக் கிடக்கிறது?

அந்த வரிசையில் முதலிடம் டீச்சரின் நீல பிளக்குக்குத்தான். பெயர் விஜிஏ. ஐபிஎம் 1987இல் தன் பிஎஸ்/2 கணினிகளோடு கொண்டுவந்தது. வரிசைக்கு ஐந்தாக மூன்று வரிசை, மொத்தம் 15 பின். ஒன்றாம் பின்னில் சிவப்பு, இரண்டில் பச்சை, மூன்றில் நீலம். ஒவ்வொரு நிறமும் தனிக் கம்பியில், பூஜ்யத்துக்கும் 0.7 வோல்ட்டுக்கும் இடையே ஏறி இறங்கி ஓடும். அதனால்தான் போனிலேயே நாடி பிடிக்க முடிகிறது. நீலம் அறுந்தால் வெள்ளை மஞ்சளாகும். பச்சை அறுந்தால் கத்தரிப்பூ நிறம். சிவப்பு அறுந்தால் முகமெல்லாம் நீலப்பச்சை. கொஞ்சம் லூசாக இருந்தால் நிறம் வந்து வந்து போகும். வாயர் ரொம்ப நீளமாக இருந்தால் ஒவ்வோர் எழுத்துக்கும் பின்னால் நிழல் விழும்.

12, 15 ஆகிய இரண்டு பின்கள் நிறம் கொண்டுபோவதில்லை. திரை தன்னைக் கணினிக்கு அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழி அவை. நான் இன்னார், இந்த வருடம் பிறந்தேன், இத்தனை புள்ளிவரை காட்டுவேன் என்று 128 பைட்டில் ஒரு சிறு ஜாதகம். இந்த இரண்டு கம்பியும் இல்லாத மலிவு வாயர்கள் உண்டு. மாட்டினால் படம் வரும், ஆனால் எதிரே இருப்பது யாரென்று தெரியாமல் கணினி பயந்து 1024க்கு 768 என்று நின்றுகொள்ளும். எழுத்தெல்லாம் உப்பிப்போய்க் கிடக்கும். உடனே "மானிட்டர் சரியில்ல" என்று கடைக்குத் தூக்கி வந்துவிடுவார்கள். இந்த ஜாதகப் பழக்கம் பின்னால் வந்த எல்லா வாயருக்கும் தொடர்ந்தது. இன்றைக்குப் படம் வராத கேசுகளில் பாதி, படம் போகாததால் அல்ல. ஜாதகம் வந்து சேராததால்.

ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். பல விஜிஏ வாயர்களில் நடுவரிசையில் ஒரு பின் இருக்காது. ஒன்பதாம் பின். செய்யும்போதே விட்டிருப்பார்கள். "ஒரு பின்னு உடைஞ்சிருக்கு, மாத்திக் குடுங்க" என்று சண்டைக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர். இன்னொரு புது பாக்கெட்டைப் பிரித்து அதிலும் இல்லை என்று காட்டினால், "ஸ்டாக்கே சரியில்ல" என்று போய்விடுவார்கள்.

2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ என்று பெரிய தலைகள் கூடி, 2015க்குள் விஜிஏவைப் படிப்படியாக விட்டுவிடப் போவதாக அறிவித்தார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்கும் தோட்ட ஆபீசுகளுக்கும் அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

இடையில் வெள்ளை பிளக்கோடு வந்த டிவிஐயை ஓட்டமாகக் கடந்துவிடலாம். 1999இல் வந்தது. அகலமாக, இரண்டு பக்கமும் திருகு. ஒரே முகத்தில் மூன்று ஜாதி: டிஜிட்டல் மட்டும், விஜிஏபோல ஏறி இறங்கி ஓடும் அனலாக் மட்டும், இரண்டும் சேர்ந்தது. ஓரத்தில் தட்டையாக ஒரு கத்தி இருக்கும். அதைச் சுற்றி நாலு பின் இருந்தால் அனலாக்கும் உண்டு. அந்த நாலு பின் உள்ள பிளக், டிஜிட்டல் மட்டும் உள்ள வாயில், அதாவது பிளக் மாட்டும் துளையில், நுழையாது. நுழையவில்லை என்பதற்காகக் குறடு வைத்து நாலு பின்னையும் பிடுங்கி, மாட்டி, படம் வரவில்லை என்று என்னிடம் கொண்டுவந்தவர் எனக்குச் சொந்தக்காரர். மேலே சொல்ல ஒன்றுமில்லை.

எச்டிஎம்ஐக்கு எங்கள் ஊரில் டிவி வாயர் என்று பெயர். தப்பில்லை. 2002 கடைசியில் இதைக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சோனி, தோஷிபா என்று டிவிக்காரர்கள்தான். ஹாலில் பிறந்து மேசைக்கு வந்த வாயர் இது. அதனால்தான் டிவியைக் கணினித் திரையாக மாட்டினால், சில டிவிகள் பழைய பழக்கத்தில் படத்தின் நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிவிடும். கீழே டாஸ்க்பார் காணாமல் போகும். டிவியின் படச் செட்டிங்கில் அதை மாற்றலாம். வாயரை மாற்றிப் பயனில்லை.

நிறத்தின் அளவு அப்படியே கம்பியில் ஏறி இறங்கும் நேர்மை இதில் இல்லை. எல்லாம் ஒன்றும் பூஜ்யமும். நன்றாக இருந்தால் கண்ணாடிபோலப் படம். கொஞ்சம் நலிந்தால் அங்கங்கே வெள்ளைப் பொறி மின்னும், நொடிக்கு நொடி திரை கறுத்து மீளும். இன்னும் நலிந்தால் ஒன்றுமே இல்லை. "நோ சிக்னல்" என்ற இரண்டு சொல்தான். வாயரா, வாயா, ஜாதகமா, படத்தைத் திருட்டுத்தனமாகப் பிரதியெடுக்காமல் தடுக்கும் பூட்டா, எது கெட்டது என்று அது வாயே திறக்காது.

முழுசாகவும் சாகாமல், நோயையும் சொல்லாமல் படுத்தும் கேஸ் ஒன்று உண்டு. போன வருடம் வந்தது.

தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். அப்பா செம்பனைப் பழ லாரி ஓட்டுகிறார். இவள் கோலாலம்பூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறாள். முதல் போனஸ் காசில் 27 அங்குல 4கே திரை, கூடவே தங்கமுலாம் பூசிய, பெட்டியில் 8கே என்று போட்ட எச்டிஎம்ஐ வாயர்.

"அங்கிள், படம் நல்லா இருக்கு. ஆனா மவுஸ் வழுக்குது. எண்ணெய் கொட்டுன தரையில நடக்கற மாதிரி."

மவுசை மாற்றிப் பார்த்திருக்கிறாள், லேப்டாப்பை ஃபார்மட் செய்திருக்கிறாள், அதைவிட விலையான இன்னொரு வாயரும் வாங்கியிருக்கிறாள். நான் டிஸ்பிளே செட்டிங்கைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டினேன். 30. அதாவது நொடிக்கு முப்பது தடவைதான் படம் புதுப்பிக்கிறது. அறுபது இருக்க வேண்டும்.

கணக்கு போட்டால் காரணம் தெரிந்துவிடும். 4கே என்றால் 3840க்கு 2160, ஏறக்குறைய 8.3 மில்லியன் புள்ளி. புள்ளிக்கு 24 பிட். நொடிக்கு 60 தடவை என்றால் 12 கிகாபிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. அது சுத்தச் சரக்கு. அதற்குமேல் மூட்டை கட்டும் செலவு உண்டு. ஒவ்வொரு வரி முடிவிலும், ஒவ்வொரு பக்க முடிவிலும் கொஞ்சம் வெற்றிடம் விடுகிறார்கள். பழைய குண்டு டியூப் மானிட்டரில் எலக்ட்ரான் கற்றை இடப்பக்கம் திரும்பிவர நேரம் வேண்டும் என்று விட்டது. டியூப் போய்விட்டது, வெற்றிடம் இருக்கிறது. அப்புறம் 8 பிட் சரக்கை 10 பிட்டாகக் கட்டி அனுப்புகிறார்கள். எல்லாம் சேர்ந்து 17.8 கிகாபிட் ஆகிவிடும். 2013இல் வந்த எச்டிஎம்ஐ 2.0 நொடிக்கு 18 கிகாபிட் தாங்கும். மயிரிழையில் போய்விடும். 2009இன் 1.4 தாங்குவது 10.2. போகாது. வேறு வழியில்லாமல் லேப்டாப்பும் திரையும் பேசி, பாதியாகக் குறைத்து, 30 என்று சமாதானம் ஆகிவிட்டன. அவளுடைய லேப்டாப்பின் வாய் 1.4.

"அப்ப இந்த வாயர்?"

"அது நல்ல வாயர்தாம்மா. ஹைவேய உன் வீட்டு வாசல் வரைக்கும் போட்டாலும், அப்பா லாரி தோட்டத்து மண்ரோட்டுலதான வெளிய வரணும்?"

வாயர் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். வெர்ஷன் எண் லேப்டாப்புக்கும் திரைக்கும் உரியது. வாயரின் மேல் 2.0, 2.1 என்று எண் போடக்கூடாது என்பதுதான் எச்டிஎம்ஐ உரிமம் தருபவர்களின் விதி. வாயருக்கு ஹை ஸ்பீட், பிரீமியம் ஹை ஸ்பீட், அல்ட்ரா ஹை ஸ்பீட் என்று பெயர்கள். பிரீமியம் 18 கிகாபிட்டுக்கு, அல்ட்ரா 48 கிகாபிட்டுக்கு. இவை இரண்டின் பெட்டியிலும் போனால் ஸ்கேன் செய்யும் சான்று ஸ்டிக்கர் இருக்கும். ஆன்லைனில் வரும் பெட்டிகள் பலவற்றில் ஸ்டிக்கர் இருக்காது, எண் மட்டும் கொட்டை எழுத்தில் இருக்கும்.

அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் யூஎஸ்பி-சி வாயும் இருந்தது. பக்கத்தில் டிஸ்பிளேபோர்ட்டின் சின்னக் குறி. அப்பாடா என்றிருந்தது. "என்கிட்டயே வாயர் இருக்கு அங்கிள்" என்று பையிலிருந்து போன் சார்ஜர் வாயரை எடுத்துத் திரையின் யூஎஸ்பி-சி வாயில் மாட்டினாள். இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது. லேப்டாப் சார்ஜ் ஏறத் தொடங்கியது. படம் இல்லை.

என்னைக் கேட்டால் இருக்கிற பிளக்குகளில் பெரிய கள்ளன் யூஎஸ்பி-சிதான். 2014இல் வந்த இந்த 24 முனை பிளக்கில் சார்ஜ் போகலாம், டேட்டா போகலாம், படமும் போகலாம். "லாம்" என்பதுதான் சிக்கல். போனோடு வரும் வாயர்களில் பெரும்பாலும் சார்ஜுக்கும் மெதுவான டேட்டாவுக்கும் வேண்டிய கம்பிகள் மட்டும் இருக்கும். படம் ஓட வேண்டிய வேகமான ஜோடிக் கம்பிகளே உள்ளே இருக்காது. வாயரில் இருந்தாலும் லேப்டாப்பின் வாய் படம் அனுப்பத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஒரே லேப்டாப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வாய் இருக்கும், ஒன்றில் படம் வரும், மற்றதில் வராது. வெளியே பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள்.

யூஎஸ்பி-சியிலிருந்து டிஸ்பிளேபோர்ட்டுக்குப் போகும் வாயர் ஒன்றைக் கொடுத்தேன். 45 வெள்ளி, அதாவது ரிங்கிட். மாட்டியதும் 60. மவுசை நாலு பக்கமும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "முந்தி வாங்குன ரெண்டு வாயரையும் நீங்க எடுத்துக்குவீங்களா அங்கிள்?" என்றாள். எடுத்துக்கொள்ளவில்லை. வியாபாரம் வேறு, பாசம் வேறு.

டிஸ்பிளேபோர்ட் எங்கள் ஊரில் வெட்டுமூலை வாயர். நீள்சதுரத்தில் ஒரு மூலையை மட்டும் வெட்டியதுபோல இருக்கும். கணினித் திரைக்காரர்களின் சங்கமான வெசா 2006இல் கொண்டுவந்தது. உள்ளே வேலைப்பாட்டைப் பார்த்தால் எல்லாவற்றிலும் சுத்தமானது இதுதான். நெட்வொர்க்போல டேட்டாவைப் பொட்டலம் பொட்டலமாக அனுப்புகிறது. பெரும்பாலும் தலையில் ஓர் அமுக்குப் பட்டன் இருக்கும். அமுக்காமல் இழுத்தால் வராது. இதைத் தெரியாமல் இழுத்து, கிராபிக்ஸ் கார்டையே அசைத்துவிட்டவர்கள் உண்டு. எச்டிஎம்ஐக்கு மாற்றும் அடாப்டர் விஷயத்தில் இது ஒருவழிச் சாலை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கணினியில் டிஸ்பிளேபோர்ட், திரையில் எச்டிஎம்ஐ என்றால் பெரும்பாலும் இருபது வெள்ளி அடாப்டர் போதும், ஏனென்றால் அநேகக் கணினிகள் அந்த வாயிலேயே எச்டிஎம்ஐ பாஷையும் பேசும். எதிர்த்திசைக்கு அந்த அடாப்டர் உதவாது. தனி மின்சாரம் எடுத்து மொழிபெயர்க்கும் கருவி வேண்டும், விலையும் அதிகம்.

இவ்வளவு சுத்தமான வாயர்தான் எனக்கு வாழ்க்கையிலேயே வினோதமான பழுதைக் கொடுத்தது. ஒரு டியூஷன் சென்டரின் கணினி. அடைத்த பிறகும் உள்ளே ஒரு சிறு விளக்கு மினுமினுவென்று எரிந்துகொண்டே இருந்தது. மறுநாள் ஆன் செய்தால் சில சமயம் எழும், சில சமயம் எழாது. பவர் சப்ளையை மாற்றினேன், ரேமை மாற்றினேன். கடைக்கு எடுத்துவந்தால் நன்றாக ஓடுகிறது, அங்கே போனால் படுத்துக்கொள்கிறது. மூன்றாம் நாள், சுவரிலிருந்து பவர் வாயரையே கழற்றிவிட்டேன். அப்போதும் விளக்கு எரிகிறது.

என் அப்பா தோட்டத்தில் வயர்மேன். ராத்திரி பத்து மணியோடு என்ஜினை நிறுத்தி லயத்துக்குக் கரண்டை அடைக்கும் காலத்து ஆள். "மெயின அடைச்சாச்சுன்னு கை வைக்காத, டெஸ்டர வச்சுப் பாரு. வேற பக்கத்துலேருந்து வரும்" என்பார். அன்று அதுதான் ஞாபகம் வந்தது. வேறு பக்கம் என்று பார்த்தால் கணினியோடு சேர்ந்திருந்தது மானிட்டர் ஒன்றுதான். டிஸ்பிளேபோர்ட் பிளக்கைக் கழற்றினேன். விளக்கு அணைந்தது.

அந்த பிளக்கில் 20 பின். இருபதாம் பின்னில் 3.3 வோல்ட் இருக்கும், அடாப்டர் போன்ற சின்னக் கருவிகளுக்குக் கொடுக்க. ஒரு கணினியையும் ஒரு திரையையும் இணைக்கும் சாதாரண வாயரில் அந்தப் பின் இரண்டு முனைக்கும் தொடரக்கூடாது என்பது வெசாவின் விதி. அந்த மலிவு வாயரைச் செய்தவன் இருபது பின்னையும் ஒன்றுவிடாமல் இணைத்துவிட்டான். மானிட்டரிலிருந்து கரண்ட் பின்வாசல் வழியாகக் கணினிக்குள் ஏறிக்கொண்டிருந்தது. இதில் படம் ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை, அதுதான் கொடுமை. அன்றிலிருந்து என் கடையில் விற்கும் ஒவ்வொரு வெட்டுமூலை வாயரையும் மீட்டர் வைத்து இருபதாம் பின்னைப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.

அடுத்தவன் தப்பைச் சொன்னேன், என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். கோயில் மண்டபத்தில் தேவாரப் பாடல் வரிகளைப் பெரிய திரையில் காட்ட வேண்டும். கணினிக்கும் திரைக்கும் இடையே இருபத்தைந்து மீட்டர். முன்பு விஜிஏ போட்டிருந்தோம், "தோடுடைய செவியன்" இரண்டு செவியனாகத் தெரிந்தார். சாதாரணச் செம்பு எச்டிஎம்ஐ அவ்வளவு தூரம் தாங்காது என்பதால், ஒளியிழையில் ஓடும் எச்டிஎம்ஐ வாங்கினோம். இரு முனையிலும் சிப் இருக்கும். ஒரு முனை மின்சாரத்தை வெளிச்சமாக்கும், மறுமுனை வெளிச்சத்தை மின்சாரமாக்கும். ஆகவே திசை உண்டு. பிளக்கின்மேல் சோர்ஸ், டிஸ்பிளே என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். அரைநாள் சீலிங்மேல் தவழ்ந்து, பைப்புக்குள் நுழைத்து, கட்டி முடித்து, கீழே இறங்கி மாட்டினேன். நோ சிக்னல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிளக்கைப் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் மறுபடியும் ஏணியில் ஏறினேன். பொருளாளர் கீழே நின்று, "என்ன தம்பி, என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

தங்கமுலாம் பற்றிப் பலர் கேட்பதால் ஒரு வரி: படம் அதனால் அழகாகாது, துருதான் பிடிக்காது. எங்கள் ஈரக்காற்றுக்கு அது ஒன்றும் வீண் இல்லை. ஆனால் வாய்க்குள் குடியேறும் எறும்புக்கும், சாயங்கால இடிமழைக்கும் தங்கம் மருந்தாகாது. இடி விழுந்த வாரத்தில் வரும் டிவிகளில் சிலது நன்றாக ஓடும், ஒரே ஓர் எச்டிஎம்ஐ வாய் மட்டும் செத்திருக்கும். மழை இருட்டிக்கொண்டு வந்தால் சுவர் பிளக்கோடு நிற்காமல் வாயரையும் கழற்றுங்கள் என்று நான் கத்துவது அதனால்தான்.

நேற்று செம்பனை ஆலையின் லாரி நிறுக்கும் மேடையிலிருந்து கிராணி (குமாஸ்தா) அண்ணன் போன் செய்தார். அங்கே இருப்பது பழைய சதுரத் திரை, நீல பிளக். புதுசு மாற்றலாம் என்று நானும் மூன்று வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

"தம்பி, ஸ்க்ரீன் முழுக்கக் கத்தரிப்பூ கலரா இருக்கு. வெளிய ஏழு லாரி நிக்குது."

"நம்பர் தெரியுதாண்ணே?"

"நம்பர் நல்லாத்தான் தெரியுது."

"அப்ப நிறுத்துக்கிட்டே இருங்க. பச்சை போச்சு, ரெண்டாவது பின். சாப்பிட்டுட்டு வரேன்."